பால் கூடையும் பத்து கிகாபிட்டும்

ஆடி மாதம் எங்கள் கல்யாண வீடியோத் தொழிலுக்குச் சம்பளமில்லாத விடுமுறை. கல்யாணம் கிடையாது, ரிசப்ஷன் கிடையாது. ரத்தினகிரியிலோ வள்ளிமலையிலோ ஆடிக் கிருத்திகைக் காவடி எடுக்கிறவர்கள் யாராவது வீடியோ கேட்டால் உண்டு, அவ்வளவுதான். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலைகளை இந்த ஒரு மாதத்தில்தான் கையில் எடுப்பது. போன ஆடியில் பூஞ்சை பிடித்த லென்ஸ்களை சர்வீஸுக்குக் கொடுத்தோம். இந்த ஆடியில் கூடைக்குப் பதிலாகக் கீழுக்கும் மாடிக்கும் ஒரு நெட்வொர்க் கம்பி இழுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கூடை என்றால் நிஜக் கூடைதான். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் கீழ் முன்னறை ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, ஆல்பம் ஆர்டர், தம்பி படம்பிடித்துக் கொண்டுவரும் கார்டுகளை இறக்கிவைக்கிற கம்ப்யூட்டர், எல்லாம் அங்கே. நான் எடிட் பண்ணுவது மாடி அறையில். கீழே உட்கார்ந்தால் கால்மணிக்கு ஒருவர் எட்டிப் பார்த்து 'ஆதார் பிரிண்ட் எடுப்பீங்களா' என்பார். மாடிப்படியோ வீட்டுக்கு வெளியே, பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். அதனால் மாடி ஜன்னலில் ஒரு நைலான் கயிறு, அதன் முனையில் பிளாஸ்டிக் கூடை. காலையில் பால் பாக்கெட் ஏறும், பத்து மணிக்கு அம்மாவின் இட்லி டப்பா ஏறும், கல்யாண சீசனில் ஹார்ட் டிஸ்க் ஏறும். கழுவிக் காயவைத்த பால் கவரில் டிஸ்க்கைச் சுற்றி, கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டு, 'இழு' என்று அம்மா குரல் கொடுப்பாள். வைகாசியில் ஒருநாள் ஆம்பூர்க் கல்யாணத்தோடு கூடை சன்ஷேடில் மோதிச் சுழன்றது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கூடை போகட்டும், நேரம்தான் பெரிய கொடுமை. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், மூன்று கேமரா, ஒரு ட்ரோன், எல்லாம் 4கே. ஒரு கல்யாணம் சுமாராக 800 ஜிபி வரும். வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் விநாடிக்கு 120 எம்பி போகும். அதாவது ஒரு மணி ஐம்பது நிமிஷம். மேலே வந்ததும் என் கம்ப்யூட்டருக்குள் இறக்க இன்னொரு ஒரு மணி ஐம்பது நிமிஷம். முகூர்த்தத்துக்கு மறுநாள் மாலையே ஹைலைட்ஸ் வேண்டும் என்று பெண் வீட்டார் போன் போடும் காலத்தில், முதல் கட் வைக்கும் முன்பே அரைநாள் காலி.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மினி டிவி என்ற சின்ன வீடியோ டேப். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரமே ஆகும், ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரு டேப்புக்கு 13 ஜிபி. அப்போது காத்திருந்தோமே, இப்போது ஏன் முடியவில்லை என்று தம்பி கேட்பான். அப்போது பெண் வீட்டாரும் சேர்ந்து காத்திருந்தார்கள்.

வைஃபையில் அனுப்பிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். இடையில் கான்கிரீட் தளம். அதற்குமேல் பேச வேண்டாம்.

கம்பியால் இணைக்க வேண்டும் என்று கடையில் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: நல்ல ஸ்விட்ச் (பல கம்ப்யூட்டர்களைக் கம்பியால் சேர்க்கும் பெட்டி) ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். இருக்கிறது இரண்டே கம்ப்யூட்டர். இரண்டு பேர் பேசிக்கொள்ள நடுவில் தரகர் எதற்கு? வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று. கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார், பாலாற்றிலும் எப்போதாவது தண்ணீர் ஓடுகிறது. காலியான அந்த இடத்தில் ஸ்விட்ச் இல்லாத நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன்.

டிப்ளமா படிக்கும்போது இதை லேபில் செய்திருக்கிறேன். அப்போது நேராக இணைக்கத் தனிக் கம்பி வேண்டும், கிராஸ் கேபிள் என்போம். ஒரு கம்ப்யூட்டர் பேசும் இழை மற்றதன் கேட்கும் இழையில் போய்ச் சேர வேண்டும் அல்லவா, அதற்காக ஒரு முனையில் 1, 2 இழைகளை 3, 6 இழைகளோடு இடம் மாற்றிக் கட்டுவார்கள். சாதாரணக் கம்பியோடு கலந்துவிடாமல் இருக்க எங்கள் லேப் உதவியாளர் அதற்குச் சிவப்பு நூல் சுற்றி வைத்திருப்பார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கிகாபிட் போர்ட்டுகள் எந்த இழை எது என்று தாமே பார்த்து மாற்றிக்கொள்கின்றன. எந்தக் கம்பியைச் செருகினாலும் பேசும்.

பேசும் என்று நினைத்துக் கடையில் 15 மீட்டர் ரெடிமேட் கேபிள் ஒன்று வாங்கிவந்தேன். உறையில் கேட் 6 என்று போட்டிருந்தது, நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம் அது. எடை கையில் நிற்கவே இல்லை, நூல்கண்டு மாதிரி இருந்தது. சந்தேகம் வந்து ஒரு முனையை வெட்டி, இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். கவரிங் நகை. அதைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுத் தம்பியிடம் கேட்டேன். சீசன் இல்லாத நாளில் அவன் சிசிடிவி மாட்டும் வேலைக்குப் போவான். ஒரு வேலையில் மிஞ்சிய நல்ல செம்புக் கேட் 6 கேபிள் அவனிடம் இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் செம்பு. ஜன்னலிலிருந்து கீழே கடை மேசை வரை அளந்தால் 14 மீட்டர் போதும். கிரிம்பிங் டூலும் அவனே கொண்டுவந்தான், பத்து நிமிஷத்தில் இரண்டு முனையும் கட்டிவிட்டான். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. ஆஹா என்று செருகினோம்.

விநாடிக்கு 11 எம்பி. கணக்குப் போட்டேன். ஒரு கல்யாணம் ஏற இருபது மணி நேரம். கூடையே தேவலை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். கம்பியின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்வார்கள். எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி மாதிரி எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே ஒரு கிகாபிட் என்றால் விநாடிக்கு 125 எம்பி, அதில் தலைப்பு முகவரி எல்லாம் போகக் கைக்கு வருவது 110, 112. எனக்கு வந்த 11 என்பது நூறு மெகாபிட்டின் அளவு. அதாவது கம்பியின் இரு பக்கமும் கிகாபிட்டில் பேசிப் பார்த்து, முடியாமல் நூறுக்கு இறங்கிவிட்டன.

தம்பி கட்டிய முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். அழகாக ஜோடி ஜோடியாக, கொலு வைத்த மாதிரி.

"ரெண்டு பக்கமும் ஒரே மாறி கீதுல்ல கா, அப்புறம் இன்னா?" என்றான்.

அங்கேதான் விஷயம். அந்த நாலு ஜோடி இழைகளும் சும்மா பின்னியிருப்பதில்லை. ஒரு ஜோடியில் ஒன்றில் போகும் சமிக்ஞைக்கு நேர் எதிரானது மற்றதில் போகும். இரண்டும் முறுக்கிக்கொண்டு போவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின்மேலும் ஒரே அளவில் விழுந்து, கடைசியில் கழிந்துவிடும். போர்ட்டுக்குள் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. 3-க்கும் 6-க்கும் நடுவில் வேறொரு ஜோடி உட்கார்ந்திருப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. தம்பி கட்டியபடி பார்த்தால் மூன்றாவதில் வெள்ளைப் பச்சை, ஆறாவதில் நீலம். ஒருத்தி ஜடையில் பாதியும் பக்கத்தில் இருப்பவள் ஜடையில் பாதியும் சேர்த்துப் பிடித்த கதை. டெஸ்டருக்கு இது தெரியாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மின்சாரம் போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். கேமராவுக்கு நூறு மெகாபிட் போதும் என்பதால் அவன் கட்டிய கேமரா எல்லாம் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு முனையையும் வெட்டி நானே கட்டினேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், இழைகளைக் கட்டைவிரலால் தட்டையாக நீவி, நுனியை ஒரே கோட்டில் வெட்டி, கனெக்டரின் கண்ணாடி நெற்றியில் எட்டு செம்புப் புள்ளியும் முட்டுகிறதா என்று பார்த்து அழுத்தினேன். செருகினேன். 112.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஊடு பூரா ஒயரா தொங்க உட்டுகீறீங்க?" என்றாள். மறுநாளே சுவரோடு பிவிசி பைப் அடித்து அதற்குள் விட்டுவிட்டோம். வெயில் நேரடியாகப் பட்டால் மேலுறை வெடித்துவிடும்.

இனி கம்ப்யூட்டருக்குள் செய்ய வேண்டியது. ரவுட்டர் இருந்தால் யாருக்கு எந்த ஐபி எண் என்று அது பங்கிட்டுக் கொடுக்கும். நேர் இணைப்பில் கொடுக்க ஆளில்லை, அதனால் இரண்டும் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு எண்ணைத் தாமே வைத்துக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும், ஆனால் எண் மாறினால் தேட வேண்டும். கீழே இருப்பதற்கு 10.10.10.1, மேலே இருப்பதற்கு 10.10.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையாலேயே எழுதிவிட்டேன். கேட்வே (வெளியே போகும் வழி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதில் எதையாவது எழுதினால் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டையும் இந்தக் கம்பி வழியாகத் தேடப் போய்த் திக்குமுக்காடும். இன்டர்நெட் வைஃபையிலேயே இருக்கட்டும். வைஃபை எண்கள் 192.168 என்று இருந்தால் இதற்கு வேறு வரிசை வையுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் எந்தக் கதவால் வெளியே போவது என்று அதற்கே குழப்பம். அப்புறம், கோப்புகளைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயரைச் சொன்னால் வைஃபை வழியாகவும் போகலாம், எண்ணைச் சொன்னால் இந்தக் கம்பிதான்.

விண்டோஸ் இன்னொரு அழும்பு பண்ணும். கேட்வே இல்லாத நெட்வொர்க்கை அடையாளம் தெரியாதது என்று பப்ளிக்கில் போட்டுவிட்டு, ஃபயர்வாலைச் சாத்திக்கொள்ளும். பஸ் ஸ்டாண்ட் வைஃபையும் என் வீட்டு 14 மீட்டர் கம்பியும் அதற்கு ஒன்று. பிரைவேட் என்று மாற்றிய பிறகுதான் ஃபோல்டர் தெரிந்தது. இதற்கு ஒரு மாலை போனது.

நியாயமாக இங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூன்றே முக்கால் மணி நேரம் இரண்டாகக் குறைந்தது, கூடையும் மிச்சம். ஆனால் ஆடி இன்னும் பாதி இருந்தது.

பத்து கிகாபிட் செம்புக் கம்பிக்கான தரம் 2006-லேயே வந்துவிட்டது. நான் டேப் ஓடவிட்டுக் கேப்சர் பண்ணிக்கொண்டிருந்த வருஷம். அதன்பிறகு சர்வர்களில் இருந்த நெட்வொர்க் கார்டுகள் கழற்றப்பட்டு இன்று பழைய சாமானாக விலைக்கு வருகின்றன. காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் இறங்கித் தேடி, இரண்டு கார்டு வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பினேன். கம்பியை மாற்றத் தேவையில்லை. கேட் 6 கேபிள் 55 மீட்டர் வரை பத்து கிகாபிட் தாங்கும், எனக்கு வேண்டியது 14.

இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே மேசையில் இருப்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம். எஸ்எஃப்பி பிளஸ் என்ற வேறு வகைப் போர்ட் உள்ள கார்டும் டேக் கேபிளும் வாங்கிக்கொள்ளுங்கள். முனையிலேயே பிளக் பொருத்தி வரும் தடித்த செம்புக் கம்பி அது. கிரிம்பிங் கிடையாது, சூடும் குறைவு. ஒரு மீட்டர், மூன்று மீட்டர் நீளத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. பக்கத்துக் கட்டடத்துக்குப் போவதென்றால் செம்பே வேண்டாம், ஃபைபர்தான். ஐப்பசி இடிக்கு அது பயப்படாது.

சரி, என் கார்டுக்கு வருகிறேன். மாட்டிவிட்டு ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை இரண்டு பக்கமும் ஓடவிட்டேன். அது கோப்பு எதையும் தொடாமல் கம்பியின் வேகத்தை மட்டும் சொல்லும். 3.2 கிகாபிட் என்றது. கேபிளைத் திட்டி, முனையைத் திரும்பக் கட்டி, தம்பியிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டேன், பாவம். கடைசியில் பார்த்தால் கேபிள் குற்றமற்றது. கீழ்க் கம்ப்யூட்டரில் கார்டை மாட்டிய ஸ்லாட் பார்வைக்குத்தான் நீளம். மதர்போர்டு புத்தகத்தைப் பார்த்தால் உள்ளே தகவல் போக ஒரே ஒரு பாதை, லேன் என்பார்கள். எட்டு லேனுக்குச் செய்த கார்டு ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தது. கீழே கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதனால் மேல் ஸ்லாட் காலி. அங்கே மாற்றியதும் 9.4. கம்பியில் போகும் தகவல் பாக்கெட்டின் அளவை இரண்டு பக்கமும் 1500-லிருந்து 9000 ஆக்கினால் 9.9. ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கத்தை மறந்தால் கோப்பு பாதியில் நின்று விழிக்கும். நான் மறந்தேன்.

அடுத்தது வெயில். ஆடி என்றால் மற்ற ஊரில் காற்று, எங்கள் ஊரில் புழுக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மாடி அறையில் இணைப்பு விட்டுவிட்டு வந்தது, இரவில் ஒழுங்காக இருந்தது. கார்டின் ஹீட்சிங்க்மேல் விரல் வைத்தேன், தோசைக்கல். சர்வருக்குள் புயல் மாதிரி ஃபேன் ஓடும், அதை நம்பிச் செய்த கார்டு இது. வீட்டுக் கேபினட்டில் அதற்கு மூச்சு கிடைக்கவில்லை. பழைய கேபினட்டிலிருந்து ஒரு சின்ன ஃபேனைக் கழற்றி, கார்டுக்கு நேராக நிற்கும்படி கேபிள் டையால் கட்டினேன். பார்க்கச் சகிக்காது. அதற்குப் பிறகு ஒருநாளும் அறுந்ததில்லை.

இத்தனைக்கும் பிறகு 800 ஜிபி ஃபோல்டரை இழுத்துப் போட்டேன். 180 எம்பி.

கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டேன். கீழே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் தட்டு எவ்வளவு வேகத்தில் படிக்குமோ அதுதான் வரும். நாலுவழிச் சாலை போட்டுவிட்டு மாட்டுவண்டியை ஓட்டினால் சாலை என்ன செய்யும்? பட்ஜெட்டில் மிச்சமிருந்ததைப் போட்டுக் கீழே சுழலும் தட்டில்லாத, வேகமான ஒரு 2 டிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி மாட்டினோம், மேலே ஏற்கெனவே ஒன்று இருந்தது. இப்போது கம்பி நிஜமாகவே ஓடியது. தொடக்கத்தில் ஆயிரம் எம்பியைத் தொட்டது. என் எஸ்எஸ்டியின் வேகமான பகுதி நிரம்பியதும் இறங்கிவிட்டது. மொத்தக் கல்யாணமும் ஏற 22 நிமிஷம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. இவ்வளவு வேகம் இருக்கும்போது ஏற்றுவதே எதற்கு? கீழ் எஸ்எஸ்டியை மேலே ஒரு டிரைவாகக் காட்டி, எடிட்டிங் மென்பொருளில் நேராக அங்கிருந்தே திறந்தேன். மூன்று கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன், தடுக்கவில்லை. 800 ஜிபி கீழேயே கிடக்கிறது, நான் மேலே வெட்டுகிறேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் குடியாத்தத்தில். அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி வந்து கார்டுகளை ரீடரில் செருகிவிட்டுக் கை கழுவப் போனான். இப்போது மெதுவாக இருப்பது அந்த ரீடர்தான், அது அடுத்த ஆடிக்கு. அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் தாலி கட்டும் இடம் வந்து விழுந்திருந்தது. நான் மேலே அதைத் திறந்து, கெட்டிமேளத்துக்கு முதல் கட் வைத்தேன். விடியும்போது ஹைலைட்ஸில் பாதி தயார்.

ஆறு மணிக்குக் கீழிருந்து 'இழு' என்று குரல். கூடை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பால் பாக்கெட்டுக்கு அடியில் மடித்த துண்டு, துண்டின்மேல் பால் கவரில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். பாதுகாப்புக்காகத் தம்பி ராத்திரி இன்னொரு பிரதி எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறான்.

"தம்பி மறந்துட்டு தூங்கிட்டான், உனக்கு வேணுமேன்னு நானே வெச்சேன்" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்று டிஸ்க்கைப் பிரித்துத் துடைத்து பீரோவில் வைத்துவிட்டு, அடுப்பில் பாலை ஏற்றினேன்.